மனித வளம் படிக்கக் கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாமா, எம்.பி.ஏ. போகலாமா?

காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் துவாக்குடியைச் சேர்ந்தவள். பி.காம். முடித்திருக்கிறேன். ஊருக்கு அருகிலேயே ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. இடம் உறுதியாகிவிட்டது. திருச்சியில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிப்புக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். அங்கே மனித வள மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். வியாழக்கிழமை நேர்காணல்.

எங்கள் வீட்டில் இரண்டு தயக்கங்கள். நாங்கள் இந்துக்கள், அங்கே படித்தால் வேற்றாளாக உணர்வேனா என்று அம்மாவுக்குக் கவலை. அப்பாவின் தயக்கம் வேறு. அவர் பதினேழு ஆண்டுகளாகக் கொதிகலன் உதிரிபாகம் செய்யும் பட்டறைகளில் ஒப்பந்தத் தொழிலாளி. நான் மனித வளம் படிக்கப் போகிறேன் என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கேட்டில் என்னை நிறுத்தி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொன்னாரே, அந்த வேலைக்கா படிக்கப் போகிறாய்?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்வாசி

சகோதரி, நான் எம்.பி.ஏ. படித்துவிட்டு ஒன்பது ஆண்டுகளாக மனித வளத்தில் இருக்கிறேன். முதலில் மென்பொருள் நிறுவனம், இப்போது வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன்: எம்.பி.ஏ. போங்கள். நிதி, சந்தை, உற்பத்தி எல்லாவற்றையும் தொட்டுப் படிப்பதால் நிறுவனத்தின் கணக்கு புரியும். ஓர் ஆளை எடுத்தால் என்ன செலவு, ஒருவர் போனால் என்ன இழப்பு என்று எண்ணிக்கையில் பேசத் தெரிந்தவரைத்தான் மேலிடம் கேட்கிறது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்த நல்லவர்கள் பலர் தொழிலாளர் பிரிவிலேயே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி எந்த மதத்தார் நடத்துவது என்பது எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. வளாக நேர்காணலுக்கு எந்தெந்த நிறுவனங்கள் வருகின்றன, என்ன சம்பளம் என்று பாருங்கள். அப்பா கேட்ட கேள்வி மனத்தைத் தொடுகிறது. ஆனால் அவருடைய ஓய்வுக்காலத்தை உங்கள் சம்பளம்தான் தாங்கப்போகிறது.

பழைய நல அலுவலர்

அம்மா, முப்பத்து நான்கு ஆண்டுகள் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் அப்பா கேட்டதற்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

கேட்டில் ஆளை நிறுத்துவதற்காக இந்தப் பதவி பிறக்கவில்லை. அந்தக் காலத்து ஆலைகளில் மேஸ்திரி வைத்ததுதான் சட்டம். வேலை கொடுப்பதும் அவர், எடுப்பதும் அவர், நடுவில் கையூட்டு வாங்குவதும் அவர். 1929இல் விட்லி தலைமையில் அமைந்த ராயல் தொழிலாளர் கமிஷன் இதைப் பார்த்துவிட்டு, மேஸ்திரியின் பிடியிலிருந்து ஆள் எடுப்பைப் பிடுங்கித் தனி அலுவலர் கையில் கொடுங்கள் என்று 1931இல் பரிந்துரைத்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 தொழிலாளர் உள்ள இடத்தில் நல அலுவலர் கட்டாயம் என்றது. மாநில விதிகள் பலவற்றில் இன்னொன்றும் உண்டு. நல அலுவலர் தொழிலாளிக்கு எதிராக நிர்வாகத்தின் பக்கம் நின்று வழக்காடக்கூடாது. சம்பளம் கொடுப்பவர் முதலாளி. ஆனால் அவருடைய ஆயுதமாகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பழகுவதுதான் எங்கள் தொழில். நான் எப்போதும் சரியாக நின்றேன் என்று சொல்லமாட்டேன். நான் கையெழுத்திட்ட ஒரு பணிநீக்க உத்தரவு இன்றும் என்னை உறங்கவிடுவதில்லை. அந்த உள்விசாரணையில் தொழிலாளிக்குச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய உரிய நேரம் தரப்படவில்லை. எனக்கு அது தெரியும். வாய் திறக்கவில்லை.

ஆகவே படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள்: தொழிலாளர் சட்டத்துக்கு எத்தனை தாள்கள்? தொழிற்சாலைக்குள் எத்தனை நாட்கள்? எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி வழக்கம். இறுதியில் ஒரு மாதம் தொடர்ச்சியாகவும் அனுப்புவார்கள். எம்.பி.ஏ. படிப்பில் பெரும்பாலும் ஒரு கோடைக்காலப் பயிற்சியோடு சரி. மறவாமல், அந்தப் படிப்பு நல அலுவலர் பதவிக்குரிய தகுதியாகத் தமிழக அரசு ஏற்றதுதானா என்றும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். முடித்த பிறகு அலைந்தவர்களை நான் அறிவேன்.

திருவெறும்பூர்த் தோழர்

ஐயா மனம் திறந்து எழுதியதற்கு வணக்கம். நான் எதிர்ப்பக்கத்தில், தொழிற்சங்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன்.

தங்கையே, உங்கள் அப்பா பதினேழு ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளி என்றீர்கள். தமிழ்நாட்டில் 1981இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை பார்த்தவருக்கு நிரந்தரத் தகுதி உண்டு என்கிறது. அந்த 480 நிறைந்துவிடாமல் இடைவெளி விட்டு விட்டு அழைப்பது எப்படி, ஒப்பந்தக்காரர் பெயரை மாற்றுவது எப்படி என்பதையும் மனித வளத்துறையில் ஒருவர்தான் கணக்கிட்டுத் தருகிறார். அவரும் ஏதோ ஒரு நல்ல கல்லூரியில் படித்தவர்தான்.

கிறிஸ்தவக் கல்லூரி என்பதால் நீதி தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊழியர் சங்கத்தின் வழக்கை நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். அரசமைப்பின் 30ஆம் பிரிவின்படி நாங்கள் சிறுபான்மை நிறுவனம், தொழில் தகராறு சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று நிர்வாகம் வாதாடியது. கட்டுப்படுத்தும் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தங்கள் கல்வி நிறுவனத்தை நடத்தும் உரிமை வேறு, அங்கே வேலை பார்ப்பவரின் உரிமை வேறு என்பதே அதன் சாரம். இது ஒரு மதத்தாரின் குறை என்று சொல்லவில்லை. கல்வி நிறுவனம் நடத்தும் எல்லாரிடமும் இந்தப் பழக்கம் உண்டு.

வியாழக்கிழமை நேர்காணலுக்குப் போகிறீர்கள் அல்லவா? வளாகம் பெருக்குகிற அம்மாவுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பாடத்திட்டத்தைவிட அது அதிகம் சொல்லும்.

வகுப்பறைச் சாளரம்

இது போன்ற ஒரு கல்லூரியில் பதினொரு ஆண்டுகளாக இந்தப் பாடத்தைக் கற்பிக்கிறேன். தோழர் சொன்ன வழக்கை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் வைக்கிறேன். அதை மறைத்துவிட்டு இந்தப் பாடத்தை நடத்த முடியாது. அதோடு ஒரு புதிய செய்தியையும் சேர்க்கவேண்டும். 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் கல்வி நிறுவனமும் தொழில் தகராறு சட்டத்தின் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமோ, முழுமையாகவோ பெரும்பகுதியோ அறப்பணியில் ஈடுபடும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை அந்த வரையறையிலிருந்து விலக்குகிறது. பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய நான்கு தொகுப்புச் சட்டங்களும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. நல அலுவலருக்கான எண்ணிக்கையும் 500இலிருந்து 250 ஆகக் குறைந்திருக்கிறது. ஆகவே மாணவர்கள் பழையதையும் புதியதையும் சேர்த்தே படிக்கவேண்டிய காலம் இது.

ஓசூர்வாசி நண்பருக்கு ஒரு சொல். கல்லூரி யாருடையது என்பது பொருட்டல்ல என்றீர்கள். இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. இந்தியாவில் சமூகப்பணிக்கும் தொழிலாளர் நலனுக்கும் முறையான படிப்பு 1936இல் பம்பாயில் தொடங்கியது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட், நாக்பாடாவின் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே பணியாற்றிய அமெரிக்க மிஷனரி. 1949இல் ஜாம்ஷெட்பூரில் இயேசு சபையினர் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். இன்று எக்ஸ்.எல்.ஆர்.ஐ. என்றால் பெரிய சம்பளம் நினைவுக்கு வருகிறது. அந்த எழுத்துகளை விரித்தால் சேவியர் தொழிலாளர் உறவு நிறுவனம். எஃகு நகரத்தின் சங்கத் தலைவர்களுக்கும் மேலாளர்களுக்கும் வகுப்பு எடுக்கத்தான் அது தொடங்கியது.

இதற்குப் பின்னால் 1891இல் போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடல் இருக்கிறது. இருவரும் ஒப்புக்கொண்ட கூலியாகவே இருந்தாலும், சிக்கனமாக வாழும் உழைப்பாளியின் வயிற்றுக்கு அது போதாது என்றால் அது நீதியல்ல என்று அதில் எழுதினார். சங்கம் அமைக்கும் உரிமையையும் ஏற்றார். 2025 மே மாதம் பொறுப்பேற்ற போப், பதினான்காம் லியோ என்று பெயர் சூடியதற்கு அந்தச் சுற்றுமடலையே காரணம் காட்டினார். நாங்கள் கற்பிப்பதன் வேர் இது. அந்த வேருக்கு ஏற்றபடி எங்கள் நிறுவனங்கள் எல்லாம் நடக்கின்றனவா என்று தோழர் கேட்கலாம். கேட்கவேண்டும். தொகுப்பூதியத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஆசிரியனாக நானும் நான்கு ஆண்டுகள் இருந்திருக்கிறேன்.

திருவெறும்பூர்த் தோழர்

ஆசிரியர் எழுதியதை மதிக்கிறேன். அறப்பணி என்ற ஒரு சொல்லால் ஒருவருடைய உரிமை சுருங்கலாம் என்பதைப் புதிய சட்டம் காட்டுகிறது. மாணவர்களிடம் அதையும் இதே தெளிவோடு சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

வகுப்பறைச் சாளரம்

சொல்லிக்கொடுக்கிறேன், தோழரே. சென்ற பருவத்தில் அதுவே தேர்வுக் கேள்வி.

இரண்டாமாண்டு

அக்கா, நான் சென்னையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு. நான் முஸ்லிம். முதலில் உங்கள் அம்மாவுக்கு: காலையில் ஒலிபெருக்கியில் சிறு ஜெபம் ஒலிக்கும், அமைதியாக நிற்போம். கத்தோலிக்க மாணவருக்கு மறைக்கல்வி வகுப்பு இருக்கும் நேரத்தில் எங்களுக்கு அறநெறி வகுப்பு. ரமலானில் களப்பணி அறிக்கைக்கு எனக்கு நேரம் நீட்டித்துத் தந்தவர் ஒரு கன்னியாஸ்திரிதான். எல்லாக் கல்லூரியும் இப்படியே இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

களப்பணி எளிதல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் ஆண்டில் எங்களை நேராகத் தொழிற்சாலைக்கு அனுப்பமாட்டார்கள். நான் ஒரு குடிசை மாற்றுக் குடியிருப்பில் ஆறு மாதம் வீடு வீடாகப் போனேன். மனித வளத்துக்கு இது எதற்கு என்று அழுதிருக்கிறேன். இரவு ஷிப்டு முடித்துவிட்டு வந்த பெண்கள் தண்ணீர் லாரிக்காக உறங்காமல் காத்திருந்ததை அங்கேதான் பார்த்தேன். மறு ஆண்டு தொழிற்சாலையில் 'காலை நேர வருகைக் குறைவு' என்ற அட்டவணையை என்னிடம் தந்தபோது, அந்தத் தண்ணீர் லாரிதான் கண்முன் வந்தது.

அந்தத் தொழிற்சாலையில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஓய்வு பெறுபவர்களின் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார்கள். கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்கவேண்டும் என்பது சட்டம். அங்கே 30ஆல் வகுத்திருந்தார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய் வாங்கிப் பத்து ஆண்டு வேலை பார்த்த ஒருவருக்கு 1,50,000 ரூபாய் வரவேண்டும். தாளில் 1,30,000 என்று இருந்தது. மாணவி நான், யாரிடம் சொல்வது? கை நடுங்கியது. கல்லூரியின் களப்பணி மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "சட்டப் பிரிவை எழுதி, கணக்கை எழுதி, உன் பெயரையும் எழுதிக் கொடு. குற்றம் சாட்டும் ஒரு சொல்லும் வேண்டாம்" என்றார். கொடுத்தேன். மூன்று வாரம் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அந்த மாதத்து ஐந்து பேருக்கும் திருத்தினார்கள். அதற்கு முன்பு ஓய்வு பெற்றுப் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். இதுவரை பதில் இல்லை.

ஆம்பூர்க்காரி

தங்கச்சி இரண்டாமாண்டு, உன் பெயரை எழுதிக் கொடுத்தாயே, அது பெரிது.

நான் காலணித் தொழிற்சாலையில் மனித வள அதிகாரி. எங்கள் தளத்தில் பெரும்பாலும் பெண்கள். எம்.எஸ்.டபிள்யூ. படித்த எனக்கு வகுப்பில் கிடைத்தவற்றில் இன்றுவரை கைகொடுப்பது ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்பது. தையல் வரிசையில் ஒரு பெண் திடீரென்று வேறு வரிசை கேட்டால், உற்பத்திக் கணக்கில் அது வெறும் இடமாற்றம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் மேற்பார்வையாளரின் கை எங்கே போகிறது என்பது வெளியே வரும். பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலும் உள்ளகக் குழு வேண்டும் என்கிறது. பல இடங்களில் அந்தக் குழுவின் பெயர்ப்பலகை சுவரில் இருக்கும், பட்டியலில் இருக்கும் உறுப்பினருக்கே தாம் உறுப்பினர் என்று தெரியாது.

ஓசூர்வாசி தம்பி சொன்ன குறை உண்மைதான். எங்களுக்குக் கணக்கு வரவில்லை. குழந்தைகள் காப்பகத்துக்கு இன்னொரு ஆயா வேண்டும் என்று நான் மூன்று முறை கேட்டும் நடக்கவில்லை. காப்பகம் சரியில்லாததால் எத்தனை பேர் வேலையை விட்டார்கள், புது ஆளைப் பழக்க எவ்வளவு செலவு என்று எழுதிக் கொடுத்தபோது ஒரே வாரத்தில் ஆள் வந்தார். அதைச் செய்ய நான் நாற்பது வயதில் எக்செல் கற்றேன். காவிரிக்கரை, நீ பி.காம். படித்தவள். அந்தக் கணக்கு உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஓசூர்வாசி

ஆம்பூர் அக்கா சொன்ன பிறகு என் கருத்தில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். பி.காம். முடித்தவர் எம்.எஸ்.டபிள்யூ. படித்தால் நான் அஞ்சிய குறை பெரிதும் இருக்காது. ஆனால் கட்டணத்தைக் கட்டாயம் விசாரியுங்கள். ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும்; மனித வளம் தொடர்பான படிப்புகள் பல இடங்களில் சுயநிதியில்தான் நடக்கின்றன. பருவக் கட்டணத்தோடு களப்பணிப் பயணம், கிராம முகாம் எல்லாம் சேர்த்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 30ஆல் வகுக்கும் கணக்கை என் நிறுவனத்திலும் நாளை போய்ப் பார்க்கிறேன்.

காவிரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. வியாழக்கிழமை போய் வந்தேன்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டபோது, மனப்பாடம் செய்து வைத்திருந்த பதிலை விட்டுவிட்டு அப்பா கேட்டதைச் சொன்னேன். ஒருவர், "உங்கள் அப்பாவுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?" என்றார். இன்னும் சொல்லவில்லை என்றேன். மேஸ்திரி, விட்லி கமிஷன், 480 நாள் சட்டம் எல்லாம் ஐயாவும் தோழரும் எழுதியதிலிருந்து சொன்னேன். இடம் கிடைத்துவிட்டது. சுயநிதிப் பிரிவு, ஆனால் எம்.பி.ஏ. கட்டணத்தைவிடக் குறைவு. கல்விக் கடன் இல்லாமல் முடியும் என்று நினைக்கிறேன்.

தோழர் சொன்னதையும் மறக்கவில்லை. அறைக்குள் கேட்கத் துணிவு வரவில்லை. வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் ஓர் அம்மா சருகு கூட்டிக்கொண்டிருந்தார். அருகில் உட்கார்ந்து பேசினேன். ஒப்பந்தக்காரர் மூலம் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாராம். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) அட்டை பையில் இருந்தது, எடுத்துக் காட்டினார். பி.எஃப். மாதாமாதம் பிடிக்கிறார்கள் என்றார். ஆனால் கணக்கு எண் தெரியாது. சம்பளச் சீட்டு ஒருமுறைகூடக் கையில் வாங்கியதில்லை. பிடித்த பணம் எங்கே போகிறது என்று பார்க்க வழி உண்டா என்று என்னையே கேட்டார். "நீ படிக்கிற பிள்ளைதானே?" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதை மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போய், இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். நான்கு ஒப்பந்தக்காரர்கள் கொடுத்த நான்கு பி.எஃப். எண்கள், துண்டுத் தாள்களில். "இதையும் பார்" என்றார்.

எப்படிப் பார்ப்பது, ஐயா?

பழைய நல அலுவலர்

அம்மா, முதலில் அந்த அம்மாவின் கதை. பிடித்தம் நடந்தால் அவருக்கு 12 இலக்க நிலையான பி.எஃப். கணக்கு எண் ஒன்று இருக்கவேண்டும். ஆதார் எண்ணோடு எந்தக் கைப்பேசி எண் இணைந்திருக்கிறது, அது இன்னும் அவரிடம்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். பலருக்கு மகனுடைய பழைய எண்ணாக இருக்கும். அந்த எண் இருந்தால், வருங்கால வைப்பு நிதி இணையதளத்தில் கணக்கு எண்ணைக் கண்டுபிடித்து, எந்த மாதம் எவ்வளவு செலுத்தினார்கள் என்று பார்த்துவிடலாம். அவருடைய அனுமதி இல்லாமல் எதையும் திறக்காதீர்கள். ஒப்பந்தக்காரர் செலுத்தவில்லை என்றால், முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் கல்லூரிக்குப் பொறுப்பு உண்டு. அதை எழுதுவதற்கு முன் என்னிடம் காட்டுங்கள், சேர்ந்து எழுதுவோம்.

அப்பாவின் நான்கு எண்களையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியும். பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளருக்கு அங்கேதான் சிக்கும்.

காவிரிக்கரை

இரண்டில் அப்பாவின் பெயருக்கு முன் எழுத்து வேறாக இருக்கிறது, ஐயா. இன்னொன்றில் பிறந்த ஆண்டு தவறு. ஆதார் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கட்டணம் கட்டப் போகிறேன். அந்த அம்மாவின் கைப்பேசி எண்ணைக் கேட்டுக்கொண்டு வந்து இங்கே எழுதுகிறேன்.